மண்ணைக் கேட்டுக் கட்டிய மண்டபம்

‘வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்’ என்று பாட்டிமார் சும்மாவா சொல்லி வைத்தார்கள்? மனை பார்த்து, நாள் பார்த்து, வாஸ்து பூஜை போட்டு, அடுப்பு எந்த மூலையில் என்று மாமியாரும் மருமகளும் ஒரு மாதம் விவாதித்து, கடைசியில் மேஸ்திரி தமக்குத் தோன்றியபடி கட்டி முடிப்பதற்குள் குடும்பமே ஒரு சுற்று இளைத்துவிடும்.

சாதாரண வீட்டுக்கே இந்தப் பாடு. ‘எங்களுக்குத்தான் ஏற்கெனவே வீடு இருக்கிறதே! அதோ அந்த மணல் மேடு, இந்தப் புல், அந்தச் சுனை, எல்லாம் சேர்ந்ததுதான் எங்கள் வீடு’ என்று நினைக்கிற ஜனங்களுக்கு ஒரு கட்டடம் வேண்டும் என்றால், கட்டுகிறவர் எங்கே அஸ்திவாரம் தோண்டுவார்? எதைச் சுவர் என்பார்? எதை வாசல் என்பார்?

ஆஸ்திரேலியாவின் நட்ட நடுவில், செக்கச் சிவந்த பாலைவனத்தில் அப்படி ஒரு கட்டடம் நிற்கிறது. உலுரு என்ற பெரும் பாறையைப் பார்க்க உலகம் முழுவதிலிருந்தும் ஜனங்கள் வருகிறார்கள். அவர்களில் பலர் இந்த மண்டபத்தை வழியில் வருகிற ஒரு சாப்பாட்டுக் கடை என்று எண்ணிக்கொண்டு அரைமணியில் கடந்துவிடுகிறார்கள். என் அபிப்பிராயத்தில், பாறையைப் பார்ப்பதற்கு முன் பார்க்கவேண்டியது இதைத்தான்.

செம்மண் கடல்

அடிலேய்டில் உத்தியோகம் பார்க்கும் என் அண்ணன், “ஜூலையில் பள்ளிக்கூடத்துக்கு லீவு. நீயும் வந்தால் எல்லோரும் உலுருவுக்குப் போகலாம்” என்று அழைத்திருந்தான். ஜூலை அங்கே குளிர்காலம். கோடையில் 45 டிகிரியைத் தாண்டி வறுத்தெடுக்கும் அந்தப் பிரதேசத்தில், குளிர்கால ராத்திரிகளில் வெப்பம் பூஜ்யத்துக்கும் கீழே போய்விடும். அண்ணி இரண்டு கம்பளிகளும், ஒரு தூக்குப் பாத்திரம் நிறையப் புளிச்சாதமும் எடுத்துக்கொண்டாள். எட்டு வயது மருமகப்பிள்ளை ஒரு பூதக்கண்ணாடி எடுத்துக்கொண்டான். பாம்பு பார்க்கவாம்!

ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் என்ற ஊர் வரை விமானம். அங்கிருந்து சாலை வழியே சுமார் 450 கிலோமீட்டர். ‘பாலைவனம்’ என்றதும் மணலைத் தவிர ஒன்றும் இருக்காது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். இங்கேயோ குங்குமத்தைக் கொட்டியது போன்ற மணல், அதன்மேல் திட்டுத் திட்டாக வெளிறிய புல், நடுநடுவே மரங்கள். “அத்தை! ஒட்டடைக் கொம்பு!” என்று கூவினான் பையன். நிஜமாகவே, நட்டு வைத்த ஒட்டடைக் கொம்புகள் மாதிரி ஒல்லியாக நெட்டென்று சில இளம் மரங்கள் நின்றன. நம் கடற்கரைச் சவுக்கு மரத்துக்கு ஒன்றுவிட்ட சகோதரம் இந்த மரம்; ‘பாலைவன ஓக்’ என்று வெள்ளைக்காரர்கள் பெயர் வைத்துவிட்டார்கள். இளமையில் இப்படி ஒல்லியாகவே நின்று ஆணிவேரை மட்டும் கீழே அனுப்பிக்கொண்டிருக்குமாம். ஆழத்தில் தண்ணீர் தட்டுப்பட்ட பிறகே கிளை பரப்பிக் குடை விரிக்குமாம். ‘முதலில் வேர், அப்புறம் கூரை’ என்ற இந்தப் பாடத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டடத்தைப் பற்றிப் பேசும்போது உதவும்.

பிறகு, அடிவானத்தில் உலுரு தெரிந்தது. காரில் பேச்சு நின்றுவிட்டது.

ஒரே பாறை. 348 மீட்டர் உயரம். அடிவாரத்தைச் சுற்றி வர 9 கிலோமீட்டருக்கு மேல். கண்ணுக்குத் தெரிவது இவ்வளவுதான். பூமிக்குள் இறங்கியிருப்பது இன்னும் அதிகம். பாறையில் உள்ள இரும்பு துருப்பிடித்ததால் வந்த சிவப்பு அது. காலையில் ஒரு நிறம், உச்சியில் ஒரு நிறம், சூரியன் சாயும் நேரத்தில் தணல் போல் வேறொரு நிறம்.

1873-ல் வில்லியம் காஸ் என்ற ஸர்வேயர் இதைப் பார்த்துவிட்டு, தென் ஆஸ்திரேலியாவில் பெரிய பதவியில் இருந்த ஸர் ஹென்றி ஏர்ஸின் பெயரைச் சூட்டினார். ‘ஏர்ஸ் ராக்’ என்று நாம் பூகோளப் புத்தகத்தில் படித்தது அதுதான். அதற்கு முப்பதாயிரம் வருஷங்களுக்கு முன்பிருந்தே அங்கே மனிதர்கள் வாழ்ந்திருக்கிறார்கள். அவர்கள் அதற்கு வைத்திருந்த பெயரை யாரும் கேட்கவில்லை. 1993-ல் இரண்டு பெயர்களும் சேர்த்து வழங்கலாம் என்று ஆயிற்று. 2002-ல் உலுரு முன்னாலும் ஏர்ஸ் பின்னாலும் போனார்கள்.

‘ங’ வரிசைக்கு ஒரு சொல்

அந்த மண்ணின் ஜனங்கள் தங்களை ‘அனங்கு’ என்று சொல்லிக்கொள்கிறார்கள். அவர்கள் உச்சரிக்கும்போது கேட்டால் நம்முடைய ‘அணங்கு’ மாதிரியே காதில் விழுகிறது. தற்செயலான ஒற்றுமைதான். அவர்கள் மொழியில் அதற்கு ‘மனிதர்’ என்று பொருள்.

இன்னொரு சொல்லும் கற்றுக்கொண்டேன். ‘ங, ஙா, ஙி, ஙீ’ என்று பலகையில் எழுதிப் பழகியபோது, ‘இந்த எழுத்துக்களை வைத்து ஒரு வார்த்தையும் இல்லையே, எதற்கு இவ்வளவு பாடு?’ என்று நாம் எல்லோரும் முணுமுணுத்திருக்கிறோம் அல்லவா? இதோ ஒரு வார்த்தை: ‘ஙுரா’. இதைத் தமிழ் எழுத்தில் எழுதுவதுபோல ஆங்கில எழுத்தில்கூட எழுத முடியாது!

‘ஙுரா’ என்றால் ராத்திரி நெருப்பு மூட்டிப் படுக்கும் இடம். ஙுரா என்றால் வீடு. ஙுரா என்றால் சொந்த ஊர், பிறந்த மண், தேசம். எல்லாவற்றுக்கும் அந்த ஒரே சொல். நமக்கு வீடு வேறு, ஊர் வேறு, நாடு வேறு. வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போகிறோம். ஊரை விட்டு நாட்டைச் சுற்றுகிறோம். அவர்களுக்கு இந்தப் பிரிவினையே கிடையாது.

அந்த மண்ணை ஆள்வது ‘ஜுகுர்ப்பா’. இதைப் புராணம் என்றால் பாதிதான் சரி. உலகம் உருவான காலத்தில் பாதி மனிதராகவும் பாதி பிராணியாகவும் இருந்த முன்னோர்கள் நடந்து, சண்டை போட்டு, சமைத்து, அழுது, அந்த மண்ணுக்கு மலையும் சுனையும் உண்டாக்கினார்கள். அந்தக் கதையே சட்டமும் ஆகும். யார் யாரைக் கல்யாணம் செய்துகொள்ளலாம், எந்தச் சுனையில் எப்போது தண்ணீர் இருக்கும், எந்த இடத்தைப் பெண்கள் மட்டும் காக்கவேண்டும், எந்த இடத்தை ஆண்கள் மட்டும் காக்கவேண்டும் என்பதெல்லாம் அதற்குள் அடக்கம். பாறையில் உள்ள ஒவ்வொரு வடுவும் அந்தச் சட்டப் புத்தகத்தில் ஒரு வரி.

அழைக்காமல் வந்த விருந்தாளிகள்

வெள்ளைக்காரர்களுக்கு அது புத்தகமாகத் தெரியவில்லை. ஏறுவதற்கு ஒரு குன்றாகத்தான் தெரிந்தது. 1964-ல் பாறையில் துளை போட்டு, பிடித்துக்கொண்டு ஏற இரும்புச் சங்கிலி மாட்டினார்கள். அடிவாரத்திலேயே தங்கும் விடுதிகள் எழுந்தன. விமானம் இறங்கவும் அங்கேயே இடம் செய்தார்கள். ஏறும் பாதையோ, ‘மாலா’ என்ற முன்னோர்கள் உலுருவுக்கு வந்து சேர்ந்தபோது சென்ற பாதை. ஏறுகிறவர்கள் வழுக்கி விழுந்தார்கள். வெயிலில் மார்பு அடைத்து மாண்டார்கள். 35 பேருக்கு மேல் அந்தப் பாறையில் உயிர் விட்டிருக்கிறார்கள்.

ஒவ்வொரு சாவுக்கும் அனங்கு துக்கம் காத்தார்கள். ‘நம் வீட்டுக்கு வந்த இடத்தில் பிறத்தியார் பிள்ளைக்கு இப்படி ஆகிவிட்டதே’ என்பது அவர்கள் துக்கம். வந்தவனை அழைத்தோமா இல்லையா என்பது கேள்வி அல்ல. வந்துவிட்டால் அவனுடைய பத்திரம் வீட்டுக்காரன் பொறுப்பு. நம் வீடுகளிலும் இந்த வழக்கம் உண்டு என்பதால் இதை நான் விளக்கவேண்டியதில்லை.

நெடுங்காலப் போராட்டத்துக்குப் பிறகு, 1985 அக்டோபர் 26-ந் தேதி, கவர்னர்-ஜெனரல் ஸர் நினியன் ஸ்டீபன் உலுருவின் பட்டாவை அனங்கு மக்கள் கையில் கொடுத்தார். அன்றே அவர்கள் அதை 99 வருஷக் குத்தகைக்கு சர்க்காரிடம் தேசியப் பூங்காவாக வைத்துக்கொள்ளும்படி திருப்பிக் கொடுத்தார்கள். நிர்வாக சபையில் 12 பேரில் 8 பேர் அனங்கு. விடுதிகள் எல்லாம் அதற்கு முன்பே பூங்காவின் எல்லைக்கு வெளியே, யுலாரா என்ற புது ஊருக்குப் போய்விட்டன.

வீடு திரும்பி வந்துவிட்டது. விருந்தாளிகள் மட்டும் பழையபடி செருப்புக் காலோடு நடு வீட்டில் ஏறிக்கொண்டிருந்தார்கள். அவர்களை வாசலிலேயே நிறுத்தி, உட்காரவைத்து, ‘இது யார் வீடு, இங்கே என்ன முறை’ என்று சொல்ல ஒரு இடம் வேண்டும். அந்தத் தேவையில் பிறந்ததுதான் இந்தக் கலாசார மண்டபம்.

காகிதத்தை மடக்கி வைத்தார்

இதற்காக வந்தவர் மெல்போர்னைச் சேர்ந்த கிரிகரி பர்ஜஸ் என்ற கட்டடக் கலைஞர். விக்டோரியா மாகாணத்தில் காரிவெர்ட் மலைகளின் நடுவே, அங்குள்ள பழங்குடி மக்களோடு சேர்ந்து ‘பிராம்பக்’ என்ற மண்டபத்தை அமைத்தவர் அவர். 1990-ல் திறந்த அந்த மண்டபத்தின் கூரை, கொண்டைக்கிளி சிறகு விரித்தது போல் இருக்கும். நடுவே பெரிய கல் அடுப்பு. ‘கொண்டைக்கிளி அங்கே பலித்தது, இங்கேயும் ஒன்று பறக்கவிடலாம்’ என்று அவர் நினைத்திருந்தால் வேலை சுலபமாக முடிந்திருக்கும்.

அவர் அப்படிச் செய்யவில்லை. 1990-ல் தம் குழுவினரோடு உலுருவுக்கு வந்து அனங்கு மக்களுடன் ஒரு மாத காலம் தங்கினார். நிலத்தில் நடந்தார்கள். நெருப்பைச் சுற்றி உட்கார்ந்தார்கள். எந்த இடத்தில் கட்டலாம், எந்த இடத்தைத் தொடக்கூடாது என்பதை மண்ணுக்கு உரியவர்கள் சொல்ல, வந்தவர்கள் கேட்டுக்கொண்டார்கள். முதல் வரைபடங்கள் காகிதத்தில் எழவில்லை. மணலில் விரலால் கீறிய கோடுகளும், அனங்கு ஓவியர்கள் தீட்டிய சித்திரங்களுமே கட்டடத்தின் பிளான்.

மணலில் கீறுவது அவர்களுக்குப் புதிதல்ல. அங்கே பெண்களும் சிறுமிகளும் கதை சொல்லும் முறையே அதுதான். முன்னால் உள்ள மணலைக் கையால் துடைத்து வழித்துச் சுத்தம் செய்துகொண்டு, ஒரு குச்சியால் தாளம் போட்டபடியே வரைந்து வரைந்து சொல்வார்கள். வளைந்த ஒரு லாடம் வரைந்தால் ஒரு ஆள் சப்பணமிட்டு உட்கார்ந்திருக்கிறார் என்று அர்த்தம். வட்டத்துக்குள் வட்டம் என்றால் தங்குமிடம், அல்லது சுனை. ஒரு காட்சி முடிந்ததும் ஒரே துடைப்பு; அடுத்த காட்சி. மணலில் பல தலைமுறையாகத் துடைத்துத் துடைத்து எழுதி வந்ததை முதல் தடவையாகத் துடைக்கமுடியாத சுவரில் எழுதவேண்டும் என்றபோது, என்ன எழுதுவது என்பதில் அவர்கள் எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்திருக்கவேண்டும்!

அவர்கள் தேர்ந்தெடுத்தது ஒரு அத்தையின் கதை.

குனியா அத்தை

குனியா என்பவள் மலைப்பாம்புப் பெண். கிழக்கே வெகு தூரத்திலிருந்து உலுருவுக்கு வந்தாள். வரும்போது தன் முட்டைகளைத் தலைமேல் சுமந்து வந்தாள். முட்டை உடைந்துவிடாமலிருக்கப் புல்லால் சும்மாடு கட்டிக்கொண்டாளாம்! (அந்த நாட்டுச் சும்மாட்டுக்கு ‘மங்குரி’ என்று பெயர். தலையில் குடம் சுமந்த எந்தப் பாட்டிக்கும் அதை விளக்கவேண்டாம்.) பாறையின் கிழக்கு முனையில் முட்டைகளைப் புதைத்து வைத்துவிட்டு, தினமும் இரை தேடப் போய் வந்துகொண்டிருந்தாள்.

அவளுடைய மருமகனும் உலுருவுக்கு வந்திருந்தான். அவன் லிரு என்கிற விஷப் பாம்பு ஜனங்களின் கோபத்துக்கு ஆளாகியிருந்தான். அவர்கள் நாட்டுக்கு விருந்தாளியாகப் போன இடத்தில் அங்குள்ள முறையை மீறிவிட்டானாம். தண்டிக்க வந்த லிரு வீரர்கள் அவன்மேல் ஈட்டி மழை பொழிந்தார்கள். தப்பின ஈட்டிகள் பாறையில் பாய்ந்தன. அந்தத் துளைகள் இன்றும் இருக்கின்றன. பையன் மாண்டான்.

சேதி அத்தைக்கு எட்டியது. முட்டிஜுலு என்ற சுனைக்கரைக்கு ஓடி வந்தாள். அங்கே நின்ற லிரு வீரன் ஒருவன் அவள் அழுகையைப் பார்த்துப் பரிகசித்தான். அவளுக்கு வந்ததே கோபம்! மண்ணை அள்ளி உடம்பெல்லாம் பூசிக்கொண்டு ஆடினாள். கிழங்கு தோண்டும் கழியால் அவன் மண்டையில் ஓர் அடி. ஆத்திரம் தணியவில்லை, இன்னோர் அடி. வீரன் விழுந்தான். கேடயம் உருண்டது.

முட்டிஜுலு சுனைக்கரையில் நின்று நிமிர்ந்து பார்த்தால் எல்லாம் அப்படியே இருக்கிறது. ஒரு பக்கச் சுவரில் நெளிந்து நெளிந்து இறங்கும் கரிய கோடு குனியா. எதிர்ச் சுவரில் இரண்டு பிளவுகள் அவள் அடித்த அடிகள். பக்கத்தில் கிடக்கும் பெரிய பாறாங்கல், கேடயம்.

மருமகப்பிள்ளை பூதக்கண்ணாடியை மறந்துவிட்டான். வெகு நேரம் அண்ணாந்து பார்த்தான். பிறகு என் விரலைப் பிடித்துக்கொண்டு, “அத்தை, என்னை யாராவது அடித்தால் நீயும் இப்படி வருவாயா?” என்று கேட்டான்.

“முதலில் நீ போன இடத்தில் ஒழுங்காக இருந்தாயா என்று விசாரிப்பாள். அப்புறம்தான் வருவாள்!” என்றாள் அண்ணி.

வேடிக்கையாகத்தான் சொன்னாள். ஆனால் அந்தக் கதையின் இரண்டு பாதியும் அதில் வந்துவிட்டது.

சுவர்கள் நெளிகின்றன

மண்டபம் இரண்டு கட்டடங்கள். ஒன்று குனியா, மற்றொன்று லிரு. நடுவே திறந்த வெளியை வைத்துக்கொண்டு ஒன்றையொன்று பார்த்தபடி, இரண்டு பாம்புகள் படுத்திருப்பது போல் வளைந்து கிடக்கின்றன. கூரைகள் மேலெழுந்து, தாழ்ந்து, மறுபடி எழுகின்றன. நூல் பிடித்து நேராகக் கட்டிய சுவரைத் தேடவேண்டும். ‘வீட்டில் கோணல் இருந்தால் ஆகாது’ என்று சொல்கிறவர்கள் இங்கே வந்தால் தலை சுற்றிப்போவார்கள். ஆனால் அந்த நிலப்பரப்பில் எதுதான் நேராக இருக்கிறது? மணல்மேடு வளைகிறது, காய்ந்த ஓடை வளைகிறது, பாறையின் அடிவாரம் வளைந்து வளைந்து போகிறது. கட்டடமும் அவற்றோடு சேர்ந்து வளைகிறது.

சுவர்கள் அந்தப் பிரதேசத்து மண்ணையே குழைத்து அறுத்த, சுடாத மண் கல்லால் ஆனவை. கையை வைத்துப் பார்த்தேன்; வெளியே நின்ற மணலின் நிறமும் சுவரின் நிறமும் ஒன்று. மண் சுவர் பகல் வெயிலை உள்ளே விடாது. இரவுக் குளிரையும் தாமதப்படுத்தும். கிராமத்து மண் வீட்டில் படுத்துத் தூங்கியவர்களுக்கு இந்தச் சுகம் தெரியும்.

உள்ளே நுழைந்ததும் ஜுகுர்ப்பாவைச் சொல்லும் ஒரு சுரங்க நடை. அரை இருட்டு, சித்திரங்கள், அனங்கு மொழியில் பேச்சும் பாட்டும். வாசலிலேயே, உள்ளே புகைப்படம் எடுக்கவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறார்கள். அண்ணி கைப்பேசியைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். “எடுத்துக்கொண்டு போகக்கூடாது என்றால், நின்றுதான் பார்க்கவேண்டியிருக்கிறது” என்றாள் கொஞ்ச நேரம் கழித்து.

அங்கே சொல்வது கொஞ்சம், சொல்லாதது அதிகம். வெளியாருக்குச் சொல்லக்கூடிய அளவு கதைதான் நமக்கு. அதற்கு மேல் உள்ளது, வயதும் உரிமையும் வந்தவர்களுக்கு மட்டும். பெண்களுக்குரியதை ஆண்களும், ஆண்களுக்குரியதைப் பெண்களும் கேட்பதில்லை. எல்லாவற்றையும் கண்ணாடிப் பெட்டியில் அடுக்கி விளக்குப் போட்டுக் காட்டும் மியூசியத்துக்குப் பழகிய நமக்கு இது புதிசு. நல்ல வீட்டில் கூடம் வரை விருந்தாளிக்கு. பூஜை அறைக்கும் உக்கிராண அறைக்கும் அழைத்தால்தான் போகலாம். கட்டடத்தை அமைத்தவர்கள் இந்த வித்தியாசத்தைக் காப்பாற்றியிருக்கிறார்கள்.

‘மாருகு’ என்ற, அனங்கு மக்களுக்கே சொந்தமான கலைப்பொருள் கூடம் இங்கே இருக்கிறது. மரத்தில் பல்லியும் பாம்பும் பறவையும் செதுக்கி, பழுக்கக் காய்ச்சிய கம்பியால் சுட்டுச் சுட்டுக் கோலம் போட்டிருக்கிறார்கள். பெண்கள் சிவப்பு விதைகளைத் துளையிட்டு மாலை கோக்கிறார்கள். ‘இனிந்தி’ என்று அதற்குப் பெயர். குன்றிமணிபோல் பளபளக்கும் அந்த விதை, நம் கொல்லையில் நிற்கும் கல்யாண முருங்கைக்கு உறவான மரத்தின் விதை. அண்ணி ஒரு மாலை வாங்கிக்கொண்டாள். “ஊரில் கல்யாண முருங்கை இலையில் அடை தட்டுவோமே தவிர, விதையை மாலையாகக் கோக்கத் தோன்றவில்லையே!” என்றாள்.

அண்ணியின் கேள்வி

வெளியே வந்து மரத்தடியில் புளிச்சாதப் பாத்திரத்தைத் திறக்கும்போது, “எல்லாம் சரி. இவ்வளவு அழகாக வந்தவர்களுக்கு மண்டபம் கட்டினார்களே, இந்த ஜனங்கள் எங்கே குடியிருக்கிறார்கள்?” என்று கேட்டாள் அண்ணி.

நியாயமான கேள்வி. பாறையின் அந்தப் பக்கம், அதே முட்டிஜுலு என்ற பெயரில் அவர்கள் குடியிருப்பு இருக்கிறது. அனுமதி இல்லாமல் நாம் அங்கே போகக்கூடாது; போகவும் இல்லை. அங்கே வாழ்க்கை சுலபமல்ல என்பது ஆஸ்திரேலியப் பத்திரிகை படிக்கும் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். வீட்டுப் பற்றாக்குறை, நோய், வேலையின்மை எல்லாம் உண்டு. 2007-ல் வட பிரதேசத்துப் பழங்குடிக் குடியிருப்புகளில் மத்திய சர்க்கார் ‘அவசர நடவடிக்கை’ என்று இறங்கியபோது, போலீசாரும் ராணுவத்தினரும் முதலில் வந்து நின்ற இடங்களில் முட்டிஜுலுவும் ஒன்று. 2017 மே மாதம் நாடு முழுவதிலிருந்தும் முதற்குடி மக்களின் பிரதிநிதிகள் உலுருவில் கூடி, அரசியல் சட்டத்தில் தங்கள் குரலுக்கு ஓர் இடம் வேண்டும் என்று கேட்டார்கள். 2023 அக்டோபர் 14-ந் தேதி அது வாக்கெடுப்புக்கு வந்தது. நூற்றுக்கு 60 பேர் ‘வேண்டாம்’ என்றார்கள்.

ஆகவே, ஒரு நல்ல கட்டடம் எல்லாவற்றையும் சரி செய்துவிட்டது என்று நான் எழுதினால் அது பொய். மண்டபத்தின் மண் சுவர் எவ்வளவு அழகாக இருந்தாலும், அடுத்த தெருவில் ஒழுகுகிற கூரையை அது அடைக்காது.

ஆனால் ஒன்றுமே நடக்கவில்லை என்றும் சொல்லமுடியாது.

மண்டபம் திறந்தது 1995-ல், நிலம் திரும்பி வந்த பத்தாவது ஆண்டு நிறைவின்போது. அந்தக் காலத்தில் உலுருவுக்கு வருகிறவர்களில் நாலில் மூன்று பேர் பாறைமேல் ஏறினார்கள். ஏறவேண்டாம் என்று அனங்கு கேட்டுக்கொண்டார்கள், கட்டளை இடவில்லை. இந்த மண்டபத்திலும், பாறையடியில் வைத்த பலகைகளிலும், அழைத்துப் போகும் வழிகாட்டிகளின் வாய்மொழியிலும், வருஷக்கணக்காக அதே வேண்டுகோளைப் பொறுமையாகச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். 2010-ல் ஏறினவர்கள் நூற்றுக்கு 38 பேர். 2015-ல் 16 பேர். இருபதுக்குக் கீழே வந்தால் ஏறுவதை நிறுத்திவிடலாம் என்று நிர்வாகத் திட்டத்தில் எழுதியிருந்தது. அப்படியே 2017-ல் தீர்மானித்து, 2019 அக்டோபர் 26-ந் தேதி, பட்டா கைக்கு வந்த அதே நாளில், பாதையை மூடிவிட்டார்கள். சங்கிலியையும் கழற்றினார்கள். சங்கிலி போனாலும், அத்தனை வருஷம் அத்தனை கால்கள் தேய்த்த வெளிறிய தடம் மட்டும் பாறையில் இன்னும் தெரிகிறது.

மன்னிப்புக் கற்கள்

மண்டபத்தில் ஒரு புத்தகம் வைத்திருக்கிறார்கள். ‘மன்னிப்புப் புத்தகம்’ என்று பெயர். உலுருவுக்கு வந்தவர்கள் ஞாபகார்த்தமாக ஒரு சிறு கல், ஒரு பிடி மணல் என்று எடுத்துப் போய்விடுகிறார்கள். பிறகு ஏதோ ஒரு நாள் மனம் உறுத்துகிறது. பல தேசங்களிலிருந்தும் பார்சலில் கட்டி, ‘தெரியாமல் எடுத்துவிட்டோம், மன்னித்துவிடுங்கள்’ என்று கடிதம் வைத்துத் திருப்பி அனுப்புகிறார்கள். அப்படி வந்த கடிதங்களின் கதைதான் அந்தப் புத்தகம்.

கல் திரும்பி வந்துவிடுகிறது. ஆனால் அதை எங்கே வைப்பது? எந்த மேட்டில், எந்தச் சரிவில் கிடந்தது என்று எடுத்தவருக்கே நினைவில்லை. நமக்கு எல்லாம் ஒரே செம்மண். அனங்குவுக்கோ ஒவ்வொரு இடமும் ஒவ்வொரு கதை. ஒரு கதையின் கல்லை இன்னொரு கதையில் கொண்டு போய் வைக்கமுடியாது. பூங்காக்காரர்களுக்கு இது நிஜமாகவே ஒரு சங்கடம்.

மருமகப்பிள்ளையின் சட்டைப் பை கொஞ்சம் கனமாக இருந்ததை அண்ணி கவனித்துவிட்டாள். ஒன்றும் சொல்லவில்லை. மன்னிப்புப் புத்தகத்தில் இருந்ததை மட்டும் அவனுக்குத் தமிழில் சொன்னாள். அவன் என்னை இழுத்துக்கொண்டு வெளியே ஓடினான். நல்லவேளை, அவன் எடுத்த இடம் அவனுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. மண்டபத்து வாசலில், வளைந்த சுவருக்கும் ஒரு புல் திட்டுக்கும் நடுவே, கல் கிடந்த குழிகூட இன்னும் மூடாமல் இருந்தது.

உலுருவுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: மே முதல் செப்டம்பர் வரை நல்ல காலம். பூங்காவுக்குச் சீட்டு வாங்கினால் 3 நாட்கள் செல்லும். முதல் நாள் காலையில் நேரே பாறைக்கு ஓடாமல், மண்டபத்துக்குப் போய் இரண்டு மணி நேரம் இருங்கள். அங்கிருந்து ‘லிரு நடை’ என்ற 2 கிலோமீட்டர் பாதை பாறையின் அடிக்குப் போகிறது. காரை விட்டுவிட்டு நடந்தே போங்கள். யார் வீட்டுக்குப் போகிறோம் என்பது அதற்குள் தெரிந்துவிடும்.